கல்லுக்குக் கல் சாட்சி

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை காலை பத்து மணி ஆனால் உலகம்மாளின் போன் அடிக்கும். இருப்புத் துறையிலிருந்து ஒரு பெண்குரல், செண்பகா நகர் நாலாம் தெரு ஒன்றாம் நம்பர் வீட்டில் இருப்பு உண்டா என்று கேட்கும். உண்டு என்பாள். இரண்டாம் நம்பர்? உண்டு. மூன்று? உண்டு. இப்படிப் பத்தொன்பது வீட்டுக்கும் பத்தொன்பது 'உண்டு'. சொல்லி முடிப்பதற்குள் நாக்கு வறண்டுபோகும். அந்தப் பத்தொன்பதில் மூச்சுவிடுகிற ஆள் உள்ள வீடு ஒன்றே ஒன்றுதான். பன்னிரண்டாம் நம்பர். அது அவளுடைய வீடு.

மற்ற பதினெட்டிலும் பெட்டிதான். தூக்குச்சட்டி உயரத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி வாசல் நிலைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். மொட்டைமாடியில் அதற்கொரு சூரியத் தகடு. தெருவில் யாராவது நடந்தால் செருப்புச் சத்தத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துப் பேச்சுக் கொடுக்கும். ஊரைவிட்டுப் போனவர்களின் குரலில், அவரவர் இழுவையோடும் இருமலோடும் பேசும். கோவில்பட்டியில் வெயில் ஐம்பதைத் தொட்ட வருஷம் தொடங்கிய கூத்து இது. ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு மேகாலயா, சிக்கிம் என்று மலை மாநிலங்களுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். தலை குறையக் குறைய மாநிலத்துக்கு வருகிற தண்ணீர்ப் பங்கும் குறைந்தது. அரசாங்கம் யோசித்தது. போகிறவன் போகட்டும், அவனுடைய இருப்பை மட்டும் இங்கே விட்டுவிட்டுப் போகட்டும் என்று ஒரு சட்டம் போட்டது. இருப்பு பேசுகிறவரைக்கும் அது ஆள் குடியிருக்கும் வீடு. ரேஷன் கார்டு ரத்தாகாது, தெருவுக்குக் குழாயில் தண்ணீர் வரும். ஒரே ஒரு நிபந்தனை. தெருவாசி ஒருவர் மாதாமாதம் சாட்சி சொல்லவேண்டும். சாட்சி இல்லாத தெருவில் பெட்டிகளையெல்லாம் கழற்றிச் சாக்கில் போட்டுக் கிட்டங்கிக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

உலகம்மாளுக்கு இந்தச் சட்டம் புதிதாகவே படவில்லை. முதல்முதலில் கேட்டபோது, இது நம்ம ரேஷன் கடைக் கல்லுதானே என்றாள்.

இருபத்தாறு வருஷம் ரேஷன் கடையில் எடை போட்டவள் அவள். விடியும் முன்பே ஜனங்கள் வந்து வரிசையில் ஒரு கல்லை வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். செங்கல், ஓட்டுத்துண்டு, பிய்ந்த செருப்பு, எதுவானாலும் சரி. வரிசை நகர நகர, பின்னால் நிற்கிறவர் காலால் அதைத் தள்ளிவிடுவார். யார் கல் என்று கேட்டால், நிற்பவர்களில் ஒருவர் இன்னாருடையது என்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் கல்லுக்கு ஆளுக்குள்ள மரியாதை. சொல்ல நாதியில்லை என்றால் ஓரமாக எத்திவிடலாம். ஒருநாள் கடை திறக்க வந்தபோது வாசலில் முப்பது கல் இருந்தது, மனுஷர் ஒருத்தரும் இல்லை. கல்லுக்குக் கல் சாட்சி ஆகாது என்று சொல்லிவிட்டு, ஆள் வருகிறவரை சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு கறார்.

ஓர் ஆவணி மாதம் கெங்குசாமி நாயக்கர் இருட்டோடு வந்து ஒரு கருங்கல்லை வைத்துவிட்டுப் போனார். கல் தள்ளுப்பட்டுத் தள்ளுப்பட்டுப் பதினோரு மணிக்குத் தராசுக்கு முன்னால் வந்து நின்றது. யார் கல் என்று உலகம்மாள் கேட்டாள். நாயக்கர் கல்தான், நான் பார்த்தேன் என்று சாட்சி சொன்னவள் ரூத் செல்வராணி. உலகம்மாளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, உயிர்ச் சிநேகிதி. நாயக்கர் வந்தபாடில்லை. வயசான மனுஷன், தூங்கியிருப்பார் என்று அவர் பங்கு அரிசியை எடை போட்டு ரூத்திடமே கொடுத்தனுப்பினாள். ரூத் போய்ச் சேர்ந்தபோது நாயக்கரை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். ஆறு மணிக்கே உயிர் போய்விட்டதாம். அவருடைய கல் அதற்கப்புறம் ஐந்து மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறது. அந்த அரிசியில்தான் அவருக்கு வாய்க்கரிசி போட்டார்கள். ரூத் திரும்பி வந்து இதைச் சொன்னபோது இரண்டு பேருக்கும் அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கல்லைத் தூர எறிய மனசு வராமல் உலகம்மாள் அதைத் தன் வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டாள். இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது.

அந்த ரூத்தும் காங்டாக் போய் ஆறு வருஷம் ஆகிறது. புருஷன் தேவசகாயத்துக்கு வெயிலில் வலிப்பு வர ஆரம்பித்தது, வேறு வழி இல்லை. பதினோராம் நம்பர் வீட்டில் ரூத்தின் பெட்டி மட்டும் இருந்தது. வெயில் தாழ்ந்ததும் உலகம்மாள் கொல்லைப்பக்கம் மதிலோரம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ரூத் பேசுவாள். சினிமாக் கதை, சண்டைக் கதை, சபைக் கதை என்று ஓடி, கடைசியில் எப்போதும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்.

"ஏ உலகு, அங்க போனவ எப்படி இருக்காளாம்? போன் வந்துச்சா?"

அங்கே போனவள் என்பது ரூத்தைத்தான். போனவளும் தான்தான், இருக்கிறவளும் தான்தான் என்பதைப் பெட்டிகள் ஒரு குழப்பமாகவே எடுத்துக்கொள்வதில்லை. கூடப்பிறந்தவளை விசாரிப்பதுபோல விசாரிக்கும்.

"நல்லா இருக்காளாம்ட்டி. குளிராம். சுவெட்டர் பின்னிக்கிட்டு இருக்காளாம்."

"எப்ப வாராளாம்?"

"வைகாசிக்கு வாராளாம்."

"வரட்டும் வரட்டும்."

வைகாசி இரண்டு தடவை வந்துபோய்விட்டது. ரூத் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. மூன்றே நாள் காய்ச்சல். தேவசகாயம் போனில் சொன்னபோது உலகம்மாள் துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள், மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடக்கூடாதே என்று. சாவு பதிவானால் பெட்டியைக் கழற்றிவிடுவார்கள். தேவசகாயம் இந்த ஊர்க் கணக்கில் அதைப் பதிவு செய்யவில்லை, அவ குரலாவது அங்கன இருக்கட்டும் தாயி என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பதினோராம் நம்பருக்கு 'உண்டு' சொல்லும்போது மட்டும் உலகம்மாள் கொல்லைப்பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொள்வாள். இருபத்தாறு வருஷத்தில் ஒரு கிராம் குறைத்துப் போடாத கை அவளுடையது. பொய்ச்சாட்சி சொல்லச் சொல்லி அவளை யாரும் கேட்கவுமில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

போன வருஷம்வரை தெருவில் துணைக்கு ஒரு குடும்பம் இருந்தது. பங்குனியில் அவர்களும் கிளம்பிப் போனார்கள். அதற்கப்புறம் உலகம்மாள் ஒருத்திதான்.

இந்த நேரத்தில்தான் மகள் வடிவு கூப்பிட்டாள். வடிவுக்கு ஷில்லாங்கில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, தனி வாசம். மூன்று வருஷமாக விடாமல் எழுதிப்போட்டு அம்மாவுக்குக் குடியேற்றச் சீட்டு வாங்கிவிட்டாள். பெற்றவர்களுக்கென்று ஒரே ஒரு தடவை கொடுக்கிற சீட்டு. மாதக் கடைசிக்குள் வந்து கைரேகை வைக்காவிட்டால் செல்லாது, மறுபடி கேட்கவும் முடியாது. உலகம்மாளுக்குச் சிறுநீரகம் பாதி போய்விட்டது. இன்னொரு சித்திரையை இந்த உடம்பு தாங்காது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். இதெல்லாம் வடிவுக்கும் தெரியும். அதனால் அவள் கெஞ்சவில்லை, கோபப்பட்டாள். உலகம்மாள் பெட்டிகளைப் பற்றிச் சொன்னாள். நான் போனால் சாட்சி இல்லை, பதினெட்டையும் சாக்கில் போட்டுக் கட்டிவிடுவார்கள் என்றாள். அஞ்சாந் தெருவில் ஆறு குடும்பம் உசுரோடு இருக்கிறது, நம் தெருக் குழாயில் வருகிற தண்ணீரைத்தான் அவர்களும் பிடிக்கிறார்கள் என்றும் சொன்னாள்.

வடிவு விடவில்லை. "எம்மா, ரூத் சித்தி செத்துப்போனா. நீ இருக்கே. செத்தவளுக்காக இருக்கவ சாவணுமா?" என்றாள்.

சரியான கேள்விதான். உலகம்மாள் போனை வைத்தாள்.

எடை போடத் தெரிந்தவள் அல்லவா, மனசுக்குள் தராசைத் தூக்கிப் பார்த்தாள். போவதற்கு ஒரு தட்டில் மகள், உடம்பு, சீட்டு. இருப்பதற்கு மறு தட்டில் என்ன வைக்க? வீடா? சுவரெல்லாம் விரிந்து கிடக்கிறது. புருஷனா? அவர் போய்ச் சேர்ந்து இருபது வருஷம், அப்போது பெட்டி கிட்டி எதுவும் கிடையாது, குரலும் மிச்சமில்லை. ஏழாம் நம்பர் சப்பாணிமுத்து அண்ணாச்சியா? அவர் பெட்டிக்கு அவளோடு தீராத சண்டை. உன் வீட்டு முருங்கை இலை என் முற்றத்தில் விழுகிறது என்று இன்றைக்கும் கத்தும். முருங்கை பட்டுப்போய் நாலு வருஷம் ஆகிறது. அப்படியிருந்தும் ஒரு நாள் அந்தக் கத்தல் கேட்கவில்லை என்றால் அவளுக்குச் சோறு இறங்காது. இந்த வெட்கக்கேட்டை யாரிடம் சொல்ல?

எப்படிப் போட்டாலும் போகிற தட்டுதான் தாழ்ந்தது. மறு தட்டில் ரூத்தை வைக்கும்போது மட்டும் முள் நடுங்கியது.

இருப்பு மெக்கானிக் ஜெபஸ்டினை வரச் சொன்னாள். நாற்பத்தைந்து வயசு, நாலு வருஷமாக இந்த வட்டாரத்துப் பெட்டிகளுக்கெல்லாம் அவன்தான் வைத்தியன். வந்தவன் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு நிலைச் சட்டத்தில் ஆணி அடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். மூன்று சாயங்காலம் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பேசவேண்டும். இந்த ஊரில் இருப்பதற்கு என்னென்ன காரணம் என்று அது கேட்கும், அதை மட்டும் சொல்லவேண்டும். போவதற்கான காரணத்தை ஒன்றுகூட வாய்விடக்கூடாது.

"ஏன் அப்படி?"

"ஆரம்பத்துல ரெண்டையும் பதிஞ்சாவக்கா. வெயிலு தாங்கல, பிள்ளைய படிக்க வைக்கணும்னு எல்லாத்தையும் சொல்லிட்டுப் போனாவ. பெட்டிக்கும் அது தெரிஞ்சுபோச்சு. இவ்வளவு காரணம் இருக்கையில நான் மட்டும் ஏன் இங்கன கிடக்கேன்னு அது ஒரே அழுகை. தெருவுல ஒருத்தரும் தூங்க முடியல. அதுக்கப்புறம்தான் இருக்கதுக்கு உள்ளத மட்டும் பதியணும்னு ஆக்கிட்டாவ."

"அப்ப போனவ ஏன் போனான்னு இதுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது. கேட்டா அதுவா ஒண்ணு நெனச்சுக்கிடும். அதுக்குத் தெரிஞ்ச போக்கு எதுவோ அதத்தான் எடுத்துப் போடும்." ஜெபஸ்டின் சிரித்தான். "ஏழாம் நம்பரப் பாருங்க. அந்த மனுசன் பதியும்போது கழுகுமலைக்குப் பஸ் ஏறின கதைய ஒண்ணு சொல்லியிருக்காரு. நாலு வருசமா அந்தப் பெட்டி என்ன சொல்லுது? கழுகுமலைக்குப் போயிருக்கான், சாயங்காலம் வந்திருவான்னுதான சொல்லுது?"

உலகம்மாளும் சிரித்தாள். சிரித்துவிட்டு, கேட்கவேண்டியதைக் கேட்டாள். நான் போய்விட்டால் வெள்ளிக்கிழமை யார் சாட்சி? ஜெபஸ்டின் சுத்தியலைக் கீழே வைத்தான். சட்டப்படி உயிருள்ள ஆள்தான் சொல்லவேண்டும் என்றான். ஆனால் வெயில் ஏறியதிலிருந்து துறை ஆட்கள் யாரும் நேரில் வருவதில்லை, போனில்தான் கேட்கிறார்கள். கேட்கிறதே ஆளா மிஷினா என்று அவனுக்கே தெரியாது. "உங்க பழைய நம்பரப் பெட்டியிலயே போட்டுட்டா, அடிக்கிற போன அது எடுக்கும். நான் ஒண்ணும் சொல்லல. சொல்லுததுக்கு எனக்கு வாயும் இல்ல" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆணியைத் தேடினான்.

கல்லுக்குக் கல் சாட்சி ஆகாது என்று சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் எவளோ அவளேதான் இதைக் காதுகொடுத்துக் கேட்டாள். கேட்டு, சரி என்றும் சொன்னாள்.

முதல் சாயங்காலம் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். மாரியம்மன் கொடைத் திருவிழா, பஜாரில் அவள் பேரைச் சொன்னால் கிடைக்கிற சலுகை, சப்பாணிமுத்து அண்ணாச்சியோடு முடியாமல் கிடக்கிற வழக்கு. பெட்டியில் சிவப்பு விளக்குதான் எரிந்தது. போதாது என்று அர்த்தம். இரண்டாம் சாயங்காலம் ரேஷன் கடையை எடுத்தாள். தராசு, கல் வரிசை, நாயக்கர் கதை எல்லாம் சொன்னாள். வெள்ளிக்கிழமை போன் வந்தால் பத்தொன்பதுக்கும் 'உண்டு' சொல்லவேண்டும், நான் சொல்லாவிட்டால் இந்தத் தெருவுக்கு நாதியில்லை என்றாள். விளக்கு மஞ்சளானது. அதற்குமேல் ஏறவில்லை.

மூன்றாம் சாயங்காலம் பெட்டி, இதெல்லாம் இல்லாமல் இன்னும் என்ன என்று கேட்டது. அவள் கொல்லைக் கதவைப் பார்த்தாள். மறுபடி கேட்டது. விளக்கு பச்சையாகவில்லை என்றால் பெட்டி ஓடாது, நாளை மறுநாள் ரயில். எழுந்துபோய்க் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரலை இறக்கி, பெட்டியின் காதோரம் பேசுவதுபோலப் பேசினாள்.

"அங்க போனவ செத்துப்போனா. இங்க இருக்கவளுக்கு அது தெரியாது. தெரியவும் கூடாது. அவ கேக்கும்போதெல்லாம் நல்லா இருக்கா, குளிராம், சுவெட்டர் பின்னுதா, வைகாசிக்கு வாரான்னு பக்குவமா சொல்லணும். மனசு நோகாம சொல்லணும். அதுக்கு ஒரு ஆளு இங்க வேணும். அதுக்குத்தான் நான் இருக்கேன்."

சொல்லி முடித்ததும் அழுதுவிட்டாள். இரண்டு வருஷம் துண்டுக்குள் வைத்திருந்த அழுகை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கிளம்புகிற அன்று மாலை ஜெபஸ்டின் வந்து பெட்டியை ஓடவிட்டான். உலகம்மாள் இரண்டு பையையும் வாசலில் வைத்துவிட்டு, ரூத்திடம் என்ன சொல்லிவிட்டுப் போவது என்று யோசித்தபடி கொல்லைப்பக்கம் போனாள். மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லலாமா? ஒரு மாசம் என்று சொல்லலாமா? நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏ உலகு, எங்கட்டி இருக்கே? இன்னிக்குக் காணலயே உன்னைய" என்று கேட்டாள் ரூத்.

"இங்கனதாம்ட்டி இருக்கேன். எங்க போகப்போறேன்" என்றது வாசல்பக்கத்திலிருந்து உலகம்மாளின் குரல்.

ரூத்துக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வழக்கமான சண்டைக் கதை, சபைக் கதை. உலகம்மாள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். தன் சிரிப்பைத் தானே கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்து, வாசல் தாண்டி, நாயக்கர் கல்லை மிதித்துவிடாமல் இறங்கி, பைகளை எடுத்துக்கொண்டாள். தெருவில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் சப்பாணிமுத்து, முருங்கை இலையைப் பெருக்கிவிட்டுப் போ என்று கத்தினார். பன்னிரண்டாம் நம்பரிலிருந்து அவளுடைய குரல் அவருக்குச் சூடாகப் பதில் கொடுத்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஷில்லாங் நன்றாகத்தான் இருந்தது. மழை, பைன் மரம், கம்பளி, வாய்க்கு ருசியாகத் தண்ணீர். வடிவு ஆஸ்பத்திரியிலேயே வைத்தியம் பார்த்தாள். மூன்று மாதத்தில் கால் வீக்கம் வடிந்தது. ஜெபஸ்டின் ஒரு தடவை போன் பண்ணி, வெள்ளிக்கிழமை பத்தொன்பதும் உண்டு என்று உங்கள் பெட்டி சுத்தமாகச் சொல்லிவிட்டது, அஞ்சாந் தெருவுக்குத் தண்ணீர் வருகிறது என்றான். உலகம்மாளுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. ஆனாலும் ஏதோ ஒன்று இடறிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் ஆனால் மதிலைத் தேடிக் கால் தானாகக் கொல்லைப்பக்கம் போகும். இங்கே கொல்லை ஏது? இரண்டாம் மாடி வீடு. அவள் பேச்சும் குறைந்துபோயிற்று. அக்கம்பக்கத்தில் பேசுகிற பாஷை தெரியாது. வடிவு வேலைக்குப் போனால் பொழுது சாய்கிறவரை ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் வடிவு வாங்கிக் கொடுத்த ஊசியையும் நூலையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்காருவாள்.

போய் ஒரு வருஷம் நெருங்கியபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அடக்க முடியவில்லை. வடிவு அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுடைய போனை எடுத்துத் தன் பழைய நம்பரைத் தேடினாள். வடிவு அதை இன்னும் 'அம்மா' என்றே வைத்திருந்தாள். அம்மா என்ற பேரை அழுத்திவிட்டு உலகம்மாள் காதில் வைத்தாள்.

"யாரு பேசுதது?" என்றது உலகம்மாள் குரல். திடமான குரல். அதில் இருந்த தெம்பு இப்போது தன் குரலில் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"கோவில்பட்டி பன்னெண்டாம் நம்பரா? எல்லாரும் எப்படி இருக்கீய?"

"எங்களுக்கென்ன, எல்லாரும் நல்லா இருக்கோம். நீங்க யாரு?"

"நான்தான். உலகம்மா. இங்க வந்தவ."

அந்தப் பக்கம் சத்தம் நின்றுபோனது. பெட்டி ஓடாமல் நின்றுவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தாள். மறுபடி காதில் வைத்தபோது குரல் வந்தது. இப்போது அதில் அந்தத் தெம்பு இல்லை. இறங்கி, இளகி, மெள்ள வந்தது.

"அப்படியா தாயி. நல்லா இருக்கியா? சாப்பிட்டியா? குளிரா இருக்கா அங்கன?"

உலகம்மாள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். அந்தத் தொனியை அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷம், ஒரு சாயங்காலம்கூடத் தவறாமல், மதிலோரம் உட்கார்ந்து அவள் பேசின தொனி அது. சாப்பாட்டையும் குளிரையும் மட்டும் பேசி, வேறு எதையும் கேட்கவிடாமல் பக்குவமாகத் தாண்டிப்போகிற பேச்சு. அதற்குத் தெரிஞ்ச போக்கைத்தான் எடுத்துப் போடும் என்று ஜெபஸ்டின் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தப் பெட்டிக்கு ஒரே ஒரு போக்குத்தான் தெரியும், அங்கே போனவள் செத்துப்போனாள் என்பது. அவள்தான் கதவைச் சாத்திவிட்டு அதைச் சொல்லிக்கொடுத்தாள்.

"இந்தா பாரு, நான் உசுரோடதான் இருக்கேன். வடிவுகிட்ட இருக்கேன்" என்றாள்.

"ஆமா தாயி. யாரு இல்லன்னா."

பின்னாலிருந்து, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ரூத்தின் குரல் கேட்டது. யாருட்டி போனில் என்று கேட்டாள். உலகம்மாளின் குரல் போனைவிட்டு விலகிப் பதில் சொன்னது. சன்னமாகத்தான் சொன்னது, ஆனாலும் எல்லாம் கேட்டது.

"அங்க போனவதான். பாவம், அவளுக்கு இன்னும் தெரியல. நீ எதையும் சொல்லிராத."

"நான் ஏன் சொல்லப்போறேன்" என்றாள் ரூத்.

உலகம்மாள் அடுப்படியைப் பார்த்து, வடிவு என்று கூப்பிட்டாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். தன் குரல் வெளியே வந்ததா இல்லையா என்றே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

"என்ன தாயி, லைன்ல இருக்கியா?" குரல் திரும்ப வந்தது. "பொழுது எப்படிப் போகுது உனக்கு? சுவெட்டர் பின்னுதியா?"

உலகம்மாள் குனிந்து மடியைப் பார்த்தாள். வடிவுக்காகப் பின்ன ஆரம்பித்த கத்தரிப்பூ நிறச் சுவெட்டர், இரண்டு ஊசியோடு கிடந்தது. ஒரு கை முடிந்துவிட்டது. மறு கை பாதியில் நின்றது.

"பின்னுதேன்" என்றாள்.

"பின்னு பின்னு. வைகாசிக்கு வாரியா?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பக்கம் இருக்கிறவள் மனசு நோகக்கூடாது என்றுதான் அப்போதும் தோன்றியது. "வாரேன்" என்றாள்.

"வா வா" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்து உலகம்மாள் போனை வைத்தாள்.

குழாய் நின்றது. வடிவு ஈரக் கையைத் துடைத்தபடி வந்து, யாரும்மா போனில் என்று கேட்டாள். உலகம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மகளுக்குத் தன்னைத் தெரிகிறது, தன் பேச்சுக் கேட்கிறது. அது நிச்சயமானதும் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஊர்லருந்து" என்றாள். "எல்லாரும் நல்லா இருக்காவளாம்."